உலை ஒன்று, தட்டுகள் வேறு

வீட்டின் மாத வருமானம், ரேஷனில் வாங்கும் பொருட்கள், வாரத்தில் எத்தனை நாள் மீனோ முட்டையோ சமைக்கிறார்கள் என்ற மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டால் அந்த வீட்டின் ஊட்டச்சத்து நிலை பிடிபட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வாசல் வழியாக எவ்வளவு உணவு உள்ளே போகிறது என்பது இந்தக் கேள்விகளில் தெரியும். அடுப்படியிலிருந்து யாருடைய தட்டுக்கு எவ்வளவு போகிறது என்பது தெரியாது. பெண்கள், கைக்குழந்தைகள் விஷயத்தில் இந்த இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே வயது ஆண்களில் 25 சதவீதம். அதே வீடு, அதே அரிசி, அதே குழம்பு. மாதவிடாயும் பிரசவமும் இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கை விளக்கும், முழுவதையும் விளக்காது. பணம் சேர்ந்தால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியவில்லை. நாட்டின் மிக வசதியான ஐந்தில் ஒரு பங்கு வீடுகளிலும் ஏறத்தாழப் பாதிப் பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. தமிழ்நாட்டில் பெண்களில் 53.4 சதவீதம், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம். 40 ஆண்டுகளுக்கு மேலாகச் சத்துணவுக்கும் ரேஷனுக்கும் பணம் செலவிடும் மாநிலத்தின் நிலை இது.

முதலில் வாசலுக்குள் வரும் உணவின் கணக்கு. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி இலவசம். துவரம் பருப்பு மாதம் ஒரு கிலோ, 30 ரூபாய். பாமாயில் ஒரு லிட்டர், 25 ரூபாய். அட்டையில் இரண்டு பேர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் பருப்பு ஒரு கிலோதான். ஐந்து பேர் வீட்டில் ஒரு கிலோவை 30 நாளுக்குப் பங்கிட்டால் நாளைக்கு 33 கிராம். ஆளுக்கு ஏழு கிராம்கூட வராது. பருப்பு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளைக்கு 85 கிராம் வேண்டும் என்று ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. மீதியைக் கடையில் வாங்கும் வீடு ஒரு வகை, வாங்க முடியாமல் சாம்பாரைத் தண்ணீராக்கும் வீடு இன்னொரு வகை. வசதி என்பது அரிசியில் தெரியாது. அது பருப்பிலும் பாலிலும் பழத்திலும்தான் தெரிகிறது. ஏழை வீட்டில் வயிறு நிறைந்துவிடும், உடம்பு நிறையாது.

பருப்பு தண்ணீராக இருக்கும் வீட்டில் கரண்டி யார் கையில் இருக்கிறது, பந்தியில் யார் எப்போது உட்காருகிறார்கள் என்பதெல்லாம் பெரிய விஷயமாகிவிடும். மேலே நிற்பது ரசம்போன்ற தெளிவு, அடியில் தங்குவது பருப்பு. முதலில் சாப்பிடுபவருக்கு அடியைக் கலக்கிப் போடுவார்கள். கடைசியில் சாப்பிடுபவர் சோற்றில் மிச்சக் குழம்பை ஊற்றிக்கொண்டு ஊறுகாயோடு முடித்துக்கொள்வார். நிறையப் பண்டம் உள்ள வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டாலும் நஷ்டம் குறைவு. பற்றாக்குறை உள்ள வீட்டில் வரிசையே பங்கு.

இந்த வரிசையின் விளைவு குழந்தையின் உயரம் வரை போகிறது. இந்தியக் கிராமங்களின் கூட்டுக் குடும்பங்களை வைத்து டயான் காஃபி, ரீதிகா கேரா, டீன் ஸ்பியர்ஸ் ஆகிய மூவரும் செய்த ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இருவரின் மனைவிகள். ஒரே அடுப்பு, ஒரே கிணறு, ஒரே வருமானம். ஆனால் இளைய மருமகளின் குழந்தைகள் மூத்த மருமகளின் குழந்தைகளைவிடக் குட்டையாக இருந்தார்கள். வறுமையும் சுகாதாரமும் இருவருக்கும் ஒன்றுதான். வேறுபட்டது அந்த வீட்டில் அவர்களுடைய தாய்க்கு இருந்த இடம். காஃபியின் இன்னொரு ஆய்வின்படி, கர்ப்பம் தரிக்கும் நேரத்தில் இந்தியப் பெண்களில் 42 சதவீதம் பேர் எடைக்குறைவாக இருந்தார்கள். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் அது 16.5 சதவீதம். கர்ப்ப காலம் முழுவதற்கும் இந்தியப் பெண்ணுக்குக் கூடிய எடை சராசரியாக ஏழு கிலோ. பத்துப் பன்னிரண்டு கிலோ கூட வேண்டும்.

தமிழ்நாட்டில் நிலைமை இவ்வளவு கடுமையாக இல்லாததற்கு உறவுமுறை ஒரு காரணம். டைசன், மூர் என்ற இரு ஆய்வாளர்கள் 1983இலேயே தெற்கையும் வடக்கையும் ஒப்பிட்டு இதை எழுதினார்கள். வடக்கே பெண்ணைத் தூரத்து ஊரில், முன்பின் தெரியாத குடும்பத்தில் கொடுப்பது வழக்கம். இங்கே அத்தையே மாமியாராக வருவது உண்டு. பிறந்த வீடு ஒரு பஸ் தூரத்தில் இருக்கும். சொந்தத்தில் திருமணம் செய்வதன் மரபணு ஆபத்து தனி. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. பிறந்த வீடு பக்கத்தில் இருந்தால் பெண்ணின் தட்டைக் கேட்க ஆள் இருக்கிறது என்பதும் உண்மை.

தலைப்பிரசவத்துக்கு ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கத்தை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கருவில் குழந்தை வேகமாக எடை கூடும் கடைசி மூன்று மாதம் அது. வேலை குறைகிறது, தூக்கம் கிடைக்கிறது, அம்மா ஊட்டிவிடுகிறார். இரண்டாவது கர்ப்பத்தில் இது பெரும்பாலும் நடப்பதில்லை. இடுப்பில் ஒரு குழந்தை, அடுப்பில் சமையல், காட்டு வேலை எல்லாவற்றோடும் கணவர் வீட்டிலேயே மாதம் நிறைகிறது. இரண்டாவது கர்ப்பத்தை யாரும் கொண்டாடுவதில்லை, அதனால் யாரும் கவனிப்பதும் இல்லை. கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவருக்கு எல்லாக் கர்ப்பிணி வீட்டுக்கும் போக நேரமில்லை என்றால், இரண்டாம் மூன்றாம் கர்ப்பம் உள்ள வீட்டுக்கு முதலில் போகட்டும் என்பது எங்கள் ஆலோசனை.

பிறப்பு வரிசை வேறு விதத்திலும் வேலை செய்கிறது. சீமா ஜெயச்சந்திரன், ரோகிணி பாண்டே இருவரும் இந்தியாவையும் ஆப்பிரிக்க நாடுகளையும் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் அளவுகளை ஒப்பிட்டார்கள். இந்தியாவின் முதல் குழந்தை ஆப்பிரிக்காவின் முதல் குழந்தையைவிட உயரம். இரண்டாவது குழந்தையில் இந்தியா பின்தங்கத் தொடங்குகிறது, மூன்றாவதில் இன்னும் அதிகம். மூத்த மகனுக்குத் தரும் முன்னுரிமைதான் இதில் பெரும் பங்கு என்பது அவர்கள் முடிவு. இரண்டு பெண்களுக்குப் பிறகு ஆண் வேண்டும் என்று மூன்றாவது பெறும் வீட்டில், இரண்டாவது பெண்ணுக்கு இரண்டு வயது ஆவதற்குள் தாய்ப்பால் நிற்கும். தாய் உடம்பு தேறுவதற்குள் அடுத்தது தங்கும். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையே குறைந்தது 24 மாதம் வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இது: தாயின் உடம்பு தேறவும் இரும்பு இருப்பு திரும்பவும் காலம் வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, கூட்டுக் குடும்பம் கெட்டது, தனிக்குடித்தனம் நல்லது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தனிக்குடித்தனத்தில் பெண் கையில் கரண்டி இருக்கும், நேரம் இருக்காது. விடியலுக்கு முன் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு ஏழு மணிக்குக் களையெடுக்கவோ பனியன் கம்பெனிக்கோ சூளைக்கோ போகும் பெண், எட்டு மாதக் குழந்தையை யாரிடம் விடுவார்? பக்கத்து வீட்டுப் பாட்டியிடம், அல்லது பள்ளிக்குப் போகாத மூத்த பெண்ணிடம். பகலில் அந்தக் குழந்தைக்குக் கிடைப்பது டீயில் நனைத்த பிஸ்கட், ஐந்து ரூபாய்ப் பாக்கெட். தாய்க்கு அக்கறை இல்லை என்று சொல்வது அநியாயம். எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு வேளை ஊட்ட 20 முதல் 30 நிமிடம் வேண்டும், ஒரு நாளில் மூன்று வேளை. அந்த ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் கூலியிலிருந்துதான் வர வேண்டும். அரசுப் பணியில் இருக்கும் பெண்ணுக்குத் தமிழ்நாட்டில் 2021 முதல் 12 மாதம் மகப்பேறு விடுப்பு. பெரிய நிறுவனத்தில் இருந்தால் 26 வாரம். களையெடுப்பவருக்கு உடம்பு தாங்கும்வரை மட்டுமே. வர்க்கம் தாய்ப்பாலுக்குள் நுழைவது இந்த இடத்தில்தான்.

மாமியார் இருக்கும் வீட்டில் குழந்தையைத் தூக்க ஒரு கை கூடுதலாக உண்டு. ஆகவே கேட்க வேண்டியது எந்த வகைக் குடும்பம் என்பதைவிட, கரண்டி யாரிடம், காசு யாரிடம், நேரம் யாரிடம் என்ற மூன்றையும்தான்.

காசைப் பற்றித் தெளிவான சான்று தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. அங்கே முதியோர் ஓய்வூதியம் கறுப்பின மக்களுக்கும் கூடியபோது, பாட்டி கைக்கு அந்தப் பணம் வந்த வீடுகளில் பேத்திகளின் எடையும் உயரமும் தேறின. தாத்தா கைக்கு வந்த வீடுகளில் அப்படித் தேறவில்லை. இதைக் கணக்கிட்டவர் பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை, மாதம் 1,000 ரூபாய், இந்தத் திசையில் நல்ல ஏற்பாடு. இதில் ஒரு சிக்கல் உண்டு: ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்தான். கூட்டு அட்டையில் அந்தப் பெண் பெரும்பாலும் மாமியார். கர்ப்பமாக இருக்கும் மருமகள் பெயர் அட்டையில் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ இருக்கும். புதிதாக மணமானவர் என்றால் பிறந்த வீட்டு அட்டையில் பெயர் நீக்கி இங்கே சேர்க்காமல் மாதக்கணக்கில் இரண்டு இடத்திலும் இல்லாமல் இருப்பதும் உண்டு. தனி அட்டை வாங்கத் தனிச் சமையல் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய் இன்னொரு பங்கு வரும் என்பதால் அடுப்பைப் பிரிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. பெயர் மாற்றத்தைத் திருமணமான மாதமே செய்துவிடுங்கள். கர்ப்பம் பதியும்போதும் வங்கிக் கணக்குத் தொடங்கும்போதும் அது கேட்கப்படும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய்: 14,000 பணமாக, மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாக. பன்னிரண்டு வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிய வேண்டும். கணக்கு தாயின் பெயரில் இருக்க வேண்டும். முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். மூன்றாவது குழந்தைக்கு இல்லை என்பது குடும்பக் கட்டுப்பாட்டு நோக்கில் வைத்த விதி. அந்தக் குழந்தைதான் மிகவும் பின்தங்கும் குழந்தை என்பதை மேலே பார்த்தோம். இந்த விதியை மாற்ற வேண்டும்.

அடுப்படியில் என்ன செய்யலாம்?

கடைசி மூன்று மாதக் கர்ப்பத்தில் நாளைக்குக் கூடுதலாக 350 கலோரியும் 22 கிராம் புரதமும் தேவை. ஒரு முட்டை, ஒரு கைப்பிடி (30 கிராம்) வேர்க்கடலை, ஒரு கரண்டி கெட்டிப் பருப்பு, ஒரு டம்ளர் பால்: இவை நான்கும் சேர்ந்தால் இரண்டு கணக்கும் நேராகிவிடும். முட்டை சாப்பிடாத வீட்டில் கடலையையும் பருப்பையும் இன்னொரு பங்கு கூட்டலாம். அளவு சின்னது. ஆனால் இது தனியாக எடுத்து வைக்காவிட்டால் நடக்காது. சமைத்து இறக்கியதும், யாருக்கும் பரிமாறும் முன்பே, கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் அடியைக் கலக்கி ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடிவைப்பதுதான் வழி. பரிமாறிய பிறகு மிச்சம் வைப்பது என்றால் மிச்சம் இருப்பதில்லை. இதைப் பெண்ணிடம் சொல்லிப் பயன் குறைவு. அவரே எடுத்து வைத்துக்கொண்டால் தின்னிப்பண்டாரம் என்று பெயர் வரும். மாமியாரிடம், கணவரிடம் சொல்ல வேண்டும். “உங்க பேரனுக்கு எடுத்து வைங்கம்மா” என்றால் கிண்ணம் நிறையும்.

“ரொம்பச் சாப்பிட்டா புள்ளை பெருசாகிப் பிரசவம் கஷ்டமாயிடும்” என்பது இன்னும் கேட்கும் பேச்சு. தாய் குறைவாகச் சாப்பிட்டால் எடை குறைந்த குழந்தை பிறக்கிறது; தாயின் இடுப்பெலும்பு அகலம் அதனால் கூடிவிடாது. மேற்கை நடுவில் சுற்றளவு 23 சென்டிமீட்டருக்குக் குறைவாக உள்ள கர்ப்பிணியிடம் இந்தப் பேச்சு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாடா ஒன்று போதும் அளக்க.

இரும்புச்சத்து மாத்திரை: நாலாம் மாதம் முதல் 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு. தோற்கும் இடங்கள் தெரிந்தவைதான். வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டினால் மறுநாள் மாத்திரை அட்டை பரணுக்குப் போய்விடும். இரவு சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும். மலம் கறுப்பது சாதாரணம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். குழந்தை கறுப்பாகும் என்பது பொய். சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடம்பில் ஏறுவது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடுதலாக ஏறும். ரத்தசோகைக்கு ஒரு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டும் ஹீமோகுளோபின் ஒரு கிராம்கூட ஏறவில்லை என்றால் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். வைட்டமின் பி12 குறைவோ, தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயோ, வேறு ரத்தக்கசிவோ இருக்கலாம், மேல் மருத்துவமனையில் பார்க்க வேண்டும்.

கஞ்சி

ஆறு மாதம் முடிந்த குழந்தையின் வளர்ச்சி பல வீடுகளில் இந்த ஒன்றில் தேங்குகிறது. தாய்ப்பால் போக 6-8 மாதக் குழந்தைக்குச் சுமார் 200 கலோரி, 9-11 மாதத்தில் 300, ஒரு வயதுக்கு மேல் 550 வெளியிலிருந்து வேண்டும். குழந்தையின் இரைப்பை சின்னது. கிலோவுக்கு 30 மில்லி. எட்டுக் கிலோக் குழந்தைக்கு 240 மில்லிதான் உச்சம், நடைமுறையில் பாதிதான் இறங்கும். விக்கிவிடும் என்ற பயத்தில் பாட்டிமார் கஞ்சியை வடித்த நீர்போலக் காய்ச்சுகிறார்கள். ஒரு டம்ளர் நீர்க்கஞ்சியில் 50 கலோரி இருந்தால் அதிகம். குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும், எடை ஏறாது. “நல்லாத்தான் சாப்பிடுது, ஏன் ஏறல” என்ற கேள்வி எழும் இடம் இது.

150 மில்லிக் கஞ்சிக்கு 30 கிராம் சத்துமாவு, அதாவது மூன்று மேசைக்கரண்டி தலைதட்டி, இறக்கிய பின் ஒரு தேக்கரண்டி நெய் அல்லது எண்ணெய். சுமார் 160 கலோரி வரும். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, மெதுவாக விழ வேண்டும். கெட்டியாகிக் குழந்தை துப்பினால் தண்ணீர் ஊற்ற வேண்டாம். முளைகட்டிய ராகி மாவு ஒரு தேக்கரண்டி கலக்குங்கள். ராகியை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி ஒன்றரை நாள் முளைக்க விட்டு, நிழலில் உலர்த்தி அரைத்த மாவு. இதில் உள்ள நொதி, கஞ்சியின் மாவுச்சத்தை உடைத்து இளக்கிவிடும், கலோரி குறையாது. கொதிக்கும் கஞ்சியில் போட்டால் நொதி செத்துவிடும். இறக்கிச் சற்று ஆறியதும் கலந்து, மறுபடி ஒரு கொதி காட்டி எடுக்க வேண்டும். மாவைக் கருக வறுத்தாலும் இதே கதிதான்.

குழந்தைக்குத் தனிக் கிண்ணம் வையுங்கள். பெரியவர் தட்டிலிருந்து ஊட்டினால் எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியாது. அங்கன்வாடியில் தரும் சத்துமாவு வீட்டுக்கு வந்ததும் ஐந்தாறு வாய்க்குப் பங்காகிவிடுவது வழக்கம். கொழுக்கட்டையாகப் பிடித்தால் எல்லோரும் எடுப்பார்கள். குழந்தையின் மாவைத் தனி டப்பாவில் பெயர் ஒட்டி வைத்த வீடுகளில் அது குழந்தைக்கே போகிறது.

வசதி கூடிய வீட்டின் நோய் வேறு. தமிழ்நாட்டுப் பெண்களில் எடைக்குறைவு 12.6 சதவீதமாக இறங்கிவிட்டது. அதிக எடை 40.4 சதவீதமாக ஏறிவிட்டது. மாவுச்சத்தும் பாமாயிலும் கூடி, புரதம் அப்படியே நின்றதன் விளைவு இது. ஒரே வீட்டில் பருத்த, ரத்தசோகை உள்ள தாயும் குட்டையான குழந்தையும் இருப்பார்கள். சிறுவயதில் குறைவாக உண்டு வளர்ந்த பெண்ணுக்கு எடை ஏறினால் சர்க்கரை சீக்கிரம் வரும். கர்ப்ப காலச் சர்க்கரைக்கு, 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் ஒற்றைச் சோதனையைச் சென்னை மருத்துவர் வி. சேஷையா பரவலாக்கினார். பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறார் என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது.

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் இந்தச் சிக்கல்கள் எல்லாம் ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், சேர்ந்து கிடக்கின்றன. 2016ஆம் ஆண்டு ஆய்வில் இலங்கை முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17.3 சதவீதம், தோட்டத் துறையில் 31.7. அங்கே தாயும் சம்பாதிக்கிறார். ஆனால் காலையிலேயே மலைக்கு ஏற வேண்டும், குழந்தை பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்தின் குழந்தைக் காப்பகத்தில். பெண்ணின் சம்பாத்தியம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அரசு செய்யக்கூடியதில் எது வேலை செய்கிறது? வீட்டு வரிசையைத் தாண்டி நேரே வாயில் போகும் உணவு. 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை தேங்கிய குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டையை மையத்திலேயே ஊட்டியது. 1982இன் சத்துணவும் 2022இன் காலை உணவும் பள்ளியிலேயே உண்ணப்படுவதால் அங்கே அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே அளவு. கர்ப்பிணியும் கைக்குழந்தையும் பள்ளிக்கு வருவதில்லை. தெலங்கானாவில் 2015 முதல் ஆரோக்கிய லட்சுமி திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கு அங்கன்வாடியிலேயே ஒரு வேளை முழுச் சாப்பாடு, முட்டை, 200 மில்லி பால், கண்முன்னேயே விழுங்கவைக்கும் இரும்பு மாத்திரை. கர்நாடகம் 2017இல் மாத்ருபூர்ணா என்று இதையே தொடங்கியது. மையம் தொலைவில் இருந்தால், சாதி பார்க்கும் தெருவில் இருந்தால், சாப்பாட்டு நேரம் வேலை நேரத்தோடு மோதினால் பெண்கள் வருவதில்லை. தமிழ்நாட்டில் அங்கன்வாடிகள் நெருக்கமாக இருக்கின்றன, சமையலும் ஏற்கெனவே நடக்கிறது. இரண்டாம், மூன்றாம் கர்ப்பத்தில் இருப்பவர்களுக்கும் மேற்கை 23 சென்டிமீட்டருக்குக் குறைந்தவர்களுக்கும் மட்டுமாவது மதியச் சாப்பாட்டை அங்கேயே போடலாம். வேலைக்குப் போகிறவர்களுக்காகக் காலை ஆறரைக்கு ஒரு நேரமும் வைக்க வேண்டும், தூக்குச்சட்டியோடு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்படி.